கமரா நிறுவனம் மாறும்போது: கையின் வசதியும் படத்தின் தரமும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு சொற்பொழிவு

டிஜிட்டல் கமராவில் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, ஒரு பொருளை விற்று இன்னொன்றை வாங்குவதோடு முடிவதில்லை. கமராவின் உடல், அதில் பூட்டும் லென்ஸ்கள், பிளாஷ், பற்றரி, கணினியில் படத்தைத் திருத்தும் முறை, பல வருடமாக விரல்களில் ஏறிய பழக்கம் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. எனவே மாறலாமா என்ற கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கருவி கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு இசைவாக இருக்கிறது என்பது ஒன்று. அது தரும் படம் எவ்வளவு தரமானது என்பது மற்றது. கடைகளில் அதிகம் அடிபடுவது படத்தரத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் நிறுவனங்களுக்கிடையே பெரிதும் சுருங்கிப்போன வேறுபாடும் அதுவே. கைவசதியிலுள்ள வேறுபாடு அந்த அளவுக்குச் சுருங்கவில்லை.

களமும் ஒளியும்

இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்க இலங்கையின் மத்திய மலைநாடு வாய்ப்பான இடம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் சுமார் 1,270 மீற்றரில். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மோதுவதால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. காலையில் பளிச்சென்றிருக்கும் மலை பத்து நிமிடத்தில் பனிமூட்டத்தில் மறைந்துவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடியும் வெளிக்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் விடியற்காலை வெப்பநிலை உறைநிலையை எட்டிப் புல்லில் வெண்பனி படிவதும் உண்டு.

இப்பகுதியின் படப்பிடிப்பாளர் ஒருவருடைய வேலையும் பலவகையானது. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, தோட்டத்துக் கோயில் தேர், காமன் கூத்து, பாடசாலைப் பரிசளிப்பு என்று வருடம் முழுவதும் அழைப்பு வரும். ஏப்ரல் மாத நுவரெலியா வசந்த காலத்தில் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஒளியை வைத்துப் பார்த்தால் இவை எல்லாம் நான்கு வகைக்குள் அடங்கும்: மூட்டம் கவிந்த பச்சைச் சரிவு, வெளிறிய வானத்தின் முன்னால் நிற்கும் கருநிற முகம், ஒற்றைச் சன்னலோடு இருண்டிருக்கும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அறை, எண்ணெய் விளக்கும் எல்.ஈ.டி. தோரணமும் கலந்தெரியும் இரவுக் கோயில். புதிய கமரா நல்லதா என்பதை இந்த நான்கும்தான் சொல்ல வேண்டும்.

மவுண்ட் என்னும் கட்டு

ஒரு நிறுவனத்தோடு படப்பிடிப்பாளரைக் கட்டிப்போடுவது கமராவின் முன்புறத்திலுள்ள உலோக வளையம். லென்ஸ் வந்து பூட்டும் அந்த வளையத்தை மவுண்ட் என்பர். நிக்கோன் தன் எப் மவுண்டை 1959இல் கொண்டுவந்தது. அதன் உள்விட்டம் 44 மில்லிமீற்றர்; வளையத்துக்கும் சென்சருக்கும் இடையே உள்ள தூரம் 46.5 மில்லிமீற்றர். கெனன் நிறுவனம் 1987இல் பழைய மவுண்டைக் கைவிட்டு ஈ.எப். மவுண்டுக்கு மாறியது, அதன் விட்டம் 54, தூரம் 44 மில்லிமீற்றர். சோனியின் ஈ மவுண்ட் 2010இலும் புஜிபிலிமின் எக்ஸ் மவுண்ட் 2012இலும் வந்தன. 2018இல் நிக்கோன் இசட் மவுண்டையும் கெனன் ஆர்.எப். மவுண்டையும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களுக்காக அறிமுகப்படுத்தின. அவற்றில் அந்தத் தூரம் முறையே 16, 20 மில்லிமீற்றராகக் குறைந்தது.

இந்த எண்களுக்கு நடைமுறையில் பெரிய பொருள் உண்டு. தூரம் குறைந்த கமராவில், தூரம் கூடிய பழைய லென்ஸை இடையில் ஓர் அடப்டர் வைத்துப் பூட்டலாம். தலைகீழாகச் செய்தால் தொலைவிலுள்ள மலை தெளிவாக விழாது. ஆகவே பழைய ஈ.எப். லென்ஸ்கள் வைத்திருப்பவர் அவற்றைக் கெனன் ஆர்.எப். கமராவிலும் சோனி கமராவிலும் பயன்படுத்த முடியும். பழைய நிக்கோன் லென்ஸ்களை எப்.டி.இசட். அடப்டர் மூலம் இசட் கமராவில் பூட்டலாம். ஆனால் அந்த அடப்டரில் மோட்டார் இல்லாததால், கமராவின் மோட்டாரை நம்பி இயங்கிய பழைய லென்ஸ்களைக் கையால்தான் குவியப்படுத்த வேண்டும். சொந்த நிறுவனத்தின் அடப்டரில் ஓட்டோ போகஸ் பெரும்பாலும் குறைவின்றி வேலை செய்யும். வேறு நிறுவனத்துக் கமராவில் அதே லென்ஸ் சற்றுத் தயங்குவது வழக்கம். பனிமூட்டத்தில் அந்தத் தயக்கம் இன்னும் கூடும்.

கையின் வசதி

கைவசதி என்றதும் எடையே முதலில் நினைவுக்கு வரும். 2016இல் வந்த கெனன் 5டி மார்க் 4 பற்றரியோடு 890 கிராம். 2018இல் வந்த சோனி ஏ7 மூன்றாம் பதிப்பு 650 கிராம். பாதைக்கு மேலே செங்குத்தாக ஏறும் கொழுந்து மலையில் 240 கிராம் குறைவது இலாபம்தான். ஆனால் கல்யாண வேலைக்கு வேண்டிய 70–200 எப் 2.8 லென்ஸைப் பூட்டிய பிறகு கணக்கு மாறுகிறது. அந்தக் காலத்தில் இரு நிறுவனங்களின் லென்ஸும் ஒன்றரைக் கிலோவுக்கு மிக அருகில் இருந்தன. மொத்த எடையில் உடலின் பங்கு சிறியது. சிறிய உடலில் பெரிய லென்ஸ் பூட்டினால் பாரம் முன்பக்கம் சாய்ந்து மணிக்கட்டு வலிப்பதும் உண்டு. பிற்காலத்தில் கெனன் ஆர்.எப். 70–200 எப் 2.8 லென்ஸ் 1,070 கிராமாகவும் சோனியின் இரண்டாம் பதிப்பு 1,045 கிராமாகவும் வந்தபோதுதான் உண்மையான எடைக்குறைவு கிடைத்தது. எடைக்காக மாற நினைப்பவர் தாம் நாள் முழுவதும் பூட்டி வைத்திருக்கும் லென்ஸோடு சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பிடி. கைப்பிடி ஆழமாக இருந்தால் நான்கு விரலும் பதியும். உயரம் குறைந்த உடலில் சுண்டுவிரல் கீழே தொங்கும். குளிரில் விரைத்த விரலுக்கும் மழைக்கு உறை மாட்டிய கைக்கும் சிறிய பொத்தான்கள் அகப்படுவதில்லை. கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தால் இவை தெரியவராது. ஈரத்தில், சரிவில் ஒரு காலை ஊன்றி நின்று, ஒரு மணி நேரம் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, விரல் பழக்கம். இதில் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நடக்கின்றன. நிக்கோன் லென்ஸைப் பூட்டத் திருப்பும் திசைக்கு நேர் எதிராகக் கெனன் லென்ஸைத் திருப்ப வேண்டும். சூம் வளையமும் எதிர்த்திசையில் சுற்றும். முழுக் கைமுறையில் படமெடுக்கும்போது நிக்கோனில் முன்சக்கரம் லென்ஸ் துவாரத்தையும் பின்சக்கரம் ஷட்டர் வேகத்தையும் மாற்றும். கெனனின் பெரிய கமராக்களில் ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சக்கரம் வேகத்தையும் பின்புறத்து வட்டச் சக்கரம் துவாரத்தையும் மாற்றும். புஜிபிலிமின் எக்ஸ்-டி வரிசையில் வேகத்துக்கு மேற்தளத்தில் எண் பொறித்த சக்கரம். துவாரத்துக்கு லென்ஸிலேயே ஒரு வளையம்.

இதனால் வரும் இடர் எப்படிப்பட்டது என்பது தோட்டத்துக் கோயிலில் நடக்கும் ஒரு கல்யாணத்தில் விளங்கும். மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகிறார். மாப்பிள்ளையின் கையில் தாலி; சுற்றிலும் அட்சதை ஏந்திய கைகள். படப்பிடிப்பாளர் எப் 2.8இல், 250இல் ஒரு நொடி வேகத்தில் நிற்கிறார். யாரோ முன்னால் வந்து மறைக்க வெளிச்சம் குறைகிறது. வேகத்தை ஒரு படி குறைக்கப் பெருவிரல் பழைய வழக்கப்படி பின்சக்கரத்தை உருட்டுகிறது. புதிய கமராவில் அது துவாரத்தை எப் 4க்குச் சுருக்கிவிடுகிறது, இருட்டு இரட்டிப்பாகிறது. அவர் அதைக் கவனித்துத் திருத்துவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் அந்தப் படத்தை மீட்டெடுக்க முடியாது.

இந்த இடரைத் தவிர்க்க வழி உண்டு. பெரும்பாலான நடுத்தர, உயர்தரக் கமராக்களில் சக்கரங்களின் வேலையையும் அவை சுற்றும் திசையையும் மெனுவில் மாற்றிவைக்கலாம். புதிய கமராவைப் பழைய கமராவைப் போலவே நடந்துகொள்ளும்படி முதல் நாளே அமைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். லென்ஸ் பூட்டும் திசையையும் சூம் திசையையும் எந்த மெனுவாலும் மாற்ற முடியாது. அவை பழகப் பழகத்தான் கைவரும். அதுவரை முக்கியமான நிகழ்ச்சிகளுக்குப் பழைய கமராவையும் உடன் கொண்டுபோவதே பத்திரம். ஆனால் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு நிறுவனக் கமராக்களை மாற்றி மாற்றிப் பிடித்தால் இரண்டிலும் தடுமாற்றம் வரும். ஒன்றைக் கையிலும் மற்றதைப் பையிலும் வைத்திருப்பது மேல்.

நான்காவது, கண்ணும் வ்யூபைண்டரும். பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராவில் கண்ணாடி வழியாக நேர்க்காட்சி தெரியும். மிரர்லெஸ் கமராவில் சிறிய மின்திரை, எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டும். மூட்டத்தில் இது பெரிய உதவி. கமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணுவதால், வெள்ளையாக இருக்க வேண்டிய பனிமூட்டம் அழுக்குச் சாம்பலாக விழும். ஒரு படி வெளிச்சம் கூட்டினால்தான் உள்ளபடி வரும். மின்திரையில் இது படமெடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இந்த வசதிக்கு விலை பற்றரியில் கொடுக்கப்படுகிறது. நிக்கோன் டி750 கமரா ஒரு பற்றரியில் 1,230 படம் எடுக்கும் என்பது கமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் தர அளவீடு. அதே நிறுவனத்தின் இசட் 6 அதே அளவீட்டில் 310 படம்தான். நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் கூடுதலாக எடுக்கும். குளிர் கூடினால் இரண்டுமே குறையும். மாலை நிச்சயதார்த்தத்தில் தொடங்கி மறுநாள் பகல் பந்தி வரை நீளும் கல்யாணத்துக்கு, முன்பு ஓர் உதிரிப் பற்றரி போதுமானதாக இருந்தவருக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கும்.

கடைசியாக மழையும் ஈரமும். தூசும் ஈரமும் எளிதில் புகாத உடல் என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்தாலும், தண்ணீர் புகுந்த கமராவை உத்தரவாதத்தின் கீழ் ஏற்பது அரிது. உடலுக்கு மட்டும் காப்பு இருந்து லென்ஸின் அடியில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் அந்தக் காப்பு பயன்படாது. குளிர்ந்த மலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் பகுதிக்குள் நேரே நுழைந்தால் லென்ஸ் முழுவதும் நீராவி படியும். கமராவை மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டு அறையின் சூட்டுக்கு வரவைப்பதே எந்த நிறுவனக் கமராவுக்கும் பொதுவான மருந்து.

படத்தின் தரம்

படத்தரத்தை முதலில் தீர்மானிப்பது சென்சரின் பரப்பு. முழுச்சட்டகச் சென்சர் 36 × 24 மில்லிமீற்றர். பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். நிக்கோன், சோனி, புஜிபிலிம் கமராக்களின் ஏ.பி.எஸ்.-சி சென்சர் ஏறத்தாழ 367 சதுர மில்லிமீற்றர். கெனனின் ஏ.பி.எஸ்.-சி இன்னும் சற்றுச் சிறியது, ஏறத்தாழ 332. பெரிய பரப்பில் அதிக ஒளி விழுவதால் இருட்டில் புள்ளி இரைச்சல் குறையும். இது அளவைப் பொறுத்த வேறுபாடு, நிறுவனத்தைப் பொறுத்ததன்று. நிக்கோனின் பல கமராக்களிலும் புஜிபிலிம் கமராக்களிலும் உள்ள சென்சர்களைச் செய்து கொடுப்பது சோனி குழுமமே என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகை மூன்றானாலும் சென்சர் வந்த ஆலை பல சமயம் ஒன்றே.

சென்சர் நிறத்தைப் பிரித்தறியும் முறை தேயிலைச் சரிவுக்கு நெருங்கிய விடயம். கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் உருவாக்கி 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், நான்கு புள்ளிகளுள் இரண்டு பச்சைக்கும் ஒவ்வொன்று சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான நிறுவனங்கள் இன்றும் இதையே பயன்படுத்துகின்றன. புஜிபிலிமின் எக்ஸ்-டிரான்ஸ் அமைப்பில் 36 புள்ளிகளுக்கு 20 பச்சை. சிவப்பும் நீலமும் எட்டெட்டு. எக்ஸ்-டிரான்ஸ் கோப்புகளைச் சில மென்பொருள்கள் திறக்கும்போது நெருக்கமான இலைத்திரள்கள் புழு நெளிவதுபோல் குழம்பித் தெரிவதாகப் படப்பிடிப்பாளர்கள் நெடுங்காலம் குறை சொல்லி வந்தனர். மென்பொருளை மாற்றினால் அதே கோப்பு தெளிவாக வரும். மலை முழுக்கத் தேயிலை இலையாக இருக்கும் ஊரில் புஜிபிலிமுக்கு மாற நினைப்பவர், கமராவோடு தாம் பயன்படுத்தும் மென்பொருளையும் சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்தது ஒளி வீச்சு; ஒரே படத்தில் மிகப் பிரகாசமான பகுதியையும் மிக இருண்ட பகுதியையும் சேர்த்துப் பிடிக்கும் ஆற்றல். நிறுவனம் மாறுவதற்கு இது ஒரு காலத்தில் வலுவான காரணமாக இருந்தது. 2012இல் வெளிவந்த நிக்கோன் டி800, டி.எக்ஸ்.ஓ. மார்க் சென்சர் சோதனையில் 14.4 படி பெற்றது. அதே ஆண்டின் கெனன் 5டி மார்க் 3 பெற்றது 11.7 படி. ஒரு படி ஒளி இரு மடங்காவதைக் குறிப்பதால், 2.7 படி என்பது ஏறத்தாழ ஆறரை மடங்கு வேறுபாடு.

மலையில் அது எப்படித் தெரிந்தது என்பதற்குக் கொழுந்து எடுக்கும் பெண் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். முதுகில் கூடை; இடுப்பில் படங்கு; தலையில் மடித்துப் போட்ட துணியின் நிழல் நெற்றியில் விழுகிறது. பின்னால் வெளிறிய மூட்டம். மூட்டத்தின் மெல்லிய அடுக்குகள் வெளுத்துப் போகாமல் எடுத்தால் முகம் கறுத்துவிடும். பிறகு கணினியில் முகத்தை மட்டும் மூன்று படி வெளிச்சமாக்கினால், டி800 கோப்பில் கண்ணோரச் சுருக்கமும் மூக்குத்தியின் பொட்டும் ஒழுங்காக எழுந்து வரும். 5டி மார்க் 3 கோப்பில் அந்த நிழற்பகுதியில் கோடுகோடாக இரைச்சல் தெரியும். ஆனால் இந்த வேறுபாடு குறைந்த ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) எண்ணில்தான் இருந்தது. லயத்து அறைக்குள் ஐ.எஸ்.ஓ. 3200இல் எடுத்த படங்களில் இரு கமராக்களும் ஏறத்தாழச் சமம். 2016இல் வந்த 5டி மார்க் 4, 13.6 படி பெற்றதோடு குறைந்த ஐ.எஸ்.ஓ.விலிருந்த இடைவெளியும் பெரும்பாலும் அடைபட்டது. இன்றைய முழுச்சட்டகக் கமராக்களிடையே ஒளி வீச்சை மட்டும் வைத்து நிறுவனம் மாறுவதற்குக் காரணம் அரிது.

நிறத்தைப் பற்றிய பேச்சு இன்னும் கவனத்தோடு கேட்க வேண்டியது. ‘கெனனில் முகம் நல்லா வரும், நிக்கோனில் பச்சை நல்லா வரும்’ என்பது ஸ்டூடியோக்களில் பழகிய பேச்சு. கமரா தானே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் தன் நிறக் கலவையை வெவ்வேறு விதமாக அமைக்கிறது. புஜிபிலிம் தன் பழைய பிலிம் சுருள்களின் பெயரிலேயே நிறப்பாங்குகளைத் தருகிறது. அவற்றுள் வெல்வியாவை வைத்துத் தேயிலைச் சரிவை எடுத்தால் பச்சை கண்ணைப் பறிக்கும். அதே பாங்கில் முகத்தை எடுத்தால் சிவப்பேறிவிடும். பதப்படுத்தாத ரோ கோப்பில் எடுப்பவருக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் கணினியில் தீர்ந்துவிடும். 24 நிறக்கட்டங்கள் கொண்ட அட்டையை ஒருமுறை படமெடுத்து நிறச்சீர்மை செய்துகொண்டால் இரு நிறுவனங்களின் படங்களும் ஒரே ஆல்பத்தில் அருகருகே இருக்கும் அளவுக்கு நெருங்கி வரும். முழுவதும் ஒன்றாகிவிடும் என்று சொல்ல முடியாது. சென்சரின் மேலுள்ள நிறவடிகட்டிகள் வேறு வேறு என்பதால் சில துணி நிறங்களில், முக்கியமாகப் பட்டுச்சேலையின் ஊதாவிலும் கருநீலத்திலும், சிறு விலகல் எஞ்சும். கருநிற முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுவதை நல்ல நிறம் என்று கொள்ளும் வழக்கமும் ஒப்பீட்டைக் குழப்புகிறது. நேரில் பார்த்த நிறத்துக்கு எது அருகில் வருகிறது என்பதே உரைகல்.

குவியம் தவறுவது இவை எல்லாவற்றையும்விடப் படத்தைக் கெடுக்கும். கெனன் 2013இல் 70டி கமராவில் கொண்டுவந்த இரட்டைப் பிக்சல் முறையும், 2019இல் மென்பொருள் புதுப்பிப்பு வழியாகச் சோனி ஏ7 மூன்றாம் பதிப்பில் மேம்படுத்திய, நிக்கோன் இசட் 6க்குத் தந்த கண்ணறியும் வசதியும் இதில் பெரிய மாற்றத்தை உண்டாக்கின. மணப்பெண்ணின் கண்ணைக் கமரா தானே பின்தொடர்வதால் நல்ல படங்களின் எண்ணிக்கை கூடுகிறது. இதில் படத்தரமும் கைவசதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பழைய டி.எஸ்.எல்.ஆரிலிருந்து மாறுபவருக்கு உண்மையான முன்னேற்றம் பெரும்பாலும் கிடைப்பது இந்த இடத்தில். அது எந்த நிறுவனத்தின் புதிய கமராவுக்கு மாறினாலும் கிடைக்கும்.

லென்ஸின் பங்கை மறந்து சென்சரைப் புகழ்வதும் வழக்கம். 18–55 லென்ஸ் 55 மில்லிமீற்றரில் எப் 5.6 அளவே திறக்கும். 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பத்து வருடப் பழைய கமராவையும் 18–55 லென்ஸையும் விற்று, வேறு நிறுவனத்தின் முழுச்சட்டகக் கமராவும் எப் 1.8 லென்ஸும் வாங்கியவர் கண்ட முன்னேற்றத்தில் பெரும் பகுதி லென்ஸுக்கும் சென்சர் பரப்புக்கும் உரியது. பெயர் மட்டும் நிறுவனத்துக்குப் போய்விடுகிறது.

கருவியின் அளவும் லென்ஸும் சேர்ந்து மாறும்போது படத்தின் போக்கே மாறுவதற்கு, இதே மலையில் அடக்கம் செய்யப்பட்ட ஒருவர் பழைய சான்று. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவில் தொடங்கினார். அது சுமார் 11 × 9 அங்குலக் கண்ணாடித் தட்டும் பிரெஞ்சு ஜமன் லென்ஸும் கொண்டது. 1866இல் 15 × 12 அங்குலத் தட்டுக்கான பெரிய கமராவுக்கும் டல்மேயர் லென்ஸுக்கும் மாறினார். தட்டின் பரப்பு கிட்டத்தட்ட இரு மடங்கானது. முகத்தை மட்டும் சட்டகம் நிறைய எடுக்கும் பாணி அதன் பிறகு வலுப்பெற்றது. 1867இல் எடுத்த வானியலாளர் ஜோன் ஹேர்ஷலின் உருவப்படம் அதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. தெளிவு போதாது என்று அக்காலப் புகைப்படச் சங்கத்தவர் சிலர் அவருடைய படங்களைக் குறை கூறினர். இன்று அவை புகைப்படக் கலையின் செல்வமாக மதிக்கப்படுகின்றன. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்த அவர், 1879 ஜனவரியில் காலமாகிப் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை மிகச் சில. கருவியின் தெளிவை அளந்து சொல்லலாம். படத்தின் தரத்தில் அந்த அளவீடு ஒரு பகுதி மட்டுமே.

நியாயமான ஒப்பீடு

இரு நிறுவனக் கமராக்களை ஒப்பிடும்போது, ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சமமாக இருக்க வேண்டும். ஒரே அளவுச் சென்சர், ஒரே பார்வைக் கோணம், ஒரே துவாரம், ஒரே வேகம், முக்காலி, ரோ கோப்பு ஆகியவை அடிப்படை. மலையகத்தில் நேரமும் ஒரு நிபந்தனை. மூட்டம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு கமராவில் எடுத்துப் பத்து நிமிடம் கழித்து மற்றதில் எடுத்த படங்கள் இரு வேறு ஒளியின் படங்கள். இரண்டு முக்காலிகளை அருகருகே வைத்து ஒரே கணத்தில் எடுப்பதுதான் சரி.

ஐ.எஸ்.ஓ. எண்ணையும் அப்படியே நம்பலாகாது. ஐ.எஸ்.ஓ. 12232 தரநிலை ஒன்றுக்கு மேற்பட்ட அளவிடும் முறைகளை அனுமதிப்பதால், ஒரே எண்ணில் ஒரு கமரா சற்று இருட்டாகவும் மற்றது வெளிச்சமாகவும் படம் தரலாம். படத்தின் இறுதி வெளிச்சத்தைச் சமப்படுத்திய பிறகே இரைச்சலை ஒப்பிட வேண்டும். மெகாபிக்சலிலும் அதே கவனம் தேவை. 45 மெகாபிக்சல் படத்தையும் 24 மெகாபிக்சல் படத்தையும் திரையில் நூறு வீதம் பெரிதாக்கிப் பார்த்தால் முன்னது எப்போதும் இரைச்சல் கூடியதாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்கு அச்சிட்டுப் பார்த்தால் அது மறையும். 12 × 18 அங்குலப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 19.4 மெகாபிக்சல் போதும். ஆல்பத்துக்கும் கைபேசியில் பகிர்வதற்கும் அதற்கு மேல் தேவைப்படுவது அரிது.

இரவுக் கோயிலில் ஷட்டரையும் சோதிக்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். சத்தமில்லாத மின் ஷட்டரில் எடுத்தால் தேரின் மேல் குறுக்குப் பட்டைகள் விழும். எந்திர ஷட்டரில், 100இல் ஒரு நொடி வேகத்தில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. நானுஓயா நிலையத்துக்குள் நுழையும் ரயிலை மின் ஷட்டரில் எடுத்துப் பெட்டிகள் சாய்ந்து தெரிகின்றனவா என்று பார்ப்பதும் எளிய சோதனை.

கைவசதிக்கும் ஒரு சோதனை உண்டு. கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் துவாரம், வேகம், ஐ.எஸ்.ஓ., குவியப்புள்ளி நான்கையும் மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவருக்குத் திரையின் நான்கு மூலையும் தெரிய வேண்டும். வாடகைக்கோ இரவலாகவோ ஒரு முழு நாள் வேலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதற்கு ஈடாக எந்த விமர்சனமும் அமையாது.

செலவும் பராமரிப்பும்

மாற்றத்தின் செலவு கமராவின் விலையோடு நிற்பதில்லை. கெனன் பிளாஷ் நிக்கோனிலும், நிக்கோன் பிளாஷ் சோனியிலும் தானியங்கி அளவீட்டில் வேலை செய்யா. மெமரி கார்ட் வகை மாறினால் அதுவும் புதிதாக வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த இலங்கை நாணயம் மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குச் சரிந்தபோது, இறக்குமதிப் பொருளான கமராவின் விலை சிறு ஸ்டூடியோக்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. பழைய லென்ஸ்களைக் காப்பாற்றும் அடப்டருக்கும் பாவித்த பொருள் சந்தைக்கும் மதிப்புக் கூடியது.

பாவித்த லென்ஸ் வாங்குபவர் மலையகத்தில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சணம். ஈரப்பதம் நீடிக்கும் அறையில் தோல் பையில் பூட்டி வைத்த லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் படரும். கைபேசியின் டோர்ச் ஒளியைப் பின்புறமிருந்து செலுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆரம்ப நிலையில் துப்புரவு செய்யலாம்; கண்ணாடியின் பூச்சை அரித்த பிறகு வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படம் மங்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதும், இயன்றவர் ஈரம் நீக்கும் அலுமாரி வாங்குவதும் வழி. பழுது பார்க்கும் வசதி பெரும்பாலும் கொழும்பிலேயே இருப்பதால், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இருப்பவருக்கு ஒவ்வொரு பழுதும் குறைந்தது ஒரு நாள் பயணம். அயலில் அதே நிறுவனக் கமரா வைத்திருக்கும் இன்னொரு படப்பிடிப்பாளர் இருந்தால் அவசரத்துக்கு லென்ஸும் பற்றரியும் கைமாற்றலாம். நிறுவனத்தைத் தெரிவு செய்வதில் இதுவும் நியாயமான காரணமே.

மாறத் தகுந்த சந்தர்ப்பம்

படத்தரத்துக்காக மாற நினைப்பவர் முதலில் தம்மிடமுள்ள கமராவுக்கு எப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிப் பார்க்கலாம். ரோ கோப்பில் எடுத்துப் பழகலாம். குறை அதன் பிறகும் நீடித்தால், அதே நிறுவனத்தின் பெரிய சென்சர் கொண்ட கமராவுக்குப் போவது செலவு குறைந்த வழி. லென்ஸ்களும் கைப்பழக்கமும் பெரும்பாலும் காப்பாற்றப்படும். நிறுவனமே மாறுவதற்கு வலுவான காரணங்கள் வேறு: நாள் முழுவதும் பிடித்த கை வலிப்பது, மூக்குக்கண்ணாடியோடு வ்யூபைண்டர் சரியாகத் தெரியாதது, தேவையான லென்ஸ் பழைய மவுண்டில் இல்லாதது அல்லது இனி வராதது, பழுது பார்க்க ஆளில்லாதது. பழைய டி.எஸ்.எல்.ஆர். மவுண்டிலிருந்து மிரர்லெஸுக்கு எப்படியும் நகர வேண்டியிருக்கும் ஒருவர், அந்த நேரத்தில் எல்லா நிறுவனங்களையும் சமமாக வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

மாறுவது என்று முடிவானால் காலமும் பார்க்க வேண்டும். கல்யாண மாதங்களுக்கும் ஏப்ரல் வசந்த காலத்துக்கும் நடுவே மாறுவது ஆபத்து. வேலை குறைந்த மழை மாதங்களில் மாறி, சக்கரங்களைப் பழைய வழக்கப்படி அமைத்து, சிறிய நிகழ்ச்சிகளில் கை பழகிய பிறகு பெரிய வேலைகளை ஏற்பது முறை. பழைய கமராவையும் ஒரு லென்ஸையும் முதல் வருடமாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும். மாற்றம் பலித்ததா என்பதை அந்த வருட முடிவில் இரண்டு கணக்குகள் காட்டும்: குவியம் தவறியும் வெளிச்சம் பிழைத்தும் கழித்த படங்கள் முன்பைவிடக் குறைந்தனவா, அச்சிட்ட ஆல்பத்தில் முகமும் பச்சையும் மூட்டமும் வாடிக்கையாளர் நேரில் கண்டபடி வந்தனவா.